பழைய டிரெய்லரில் பாப்-அப் கேம்பர்: கூரையைத் தூக்க வின்ச்சா, கேஸ் ஸ்ட்ரட்டா?

ராமமூர்த்தி நகர் பொலேரோ எழுதியது:

வணக்கம் மக்களே. ஓசூரில் என் மாமா பையன் சாமியானா வாடகைக்கு விடுகிறான். ஜெனரேட்டர் இழுக்க வைத்திருந்த டிரெய்லர் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கோ என்று கொடுத்துவிட்டான். எட்டுக்கு நாலு அடி, ஒற்றை ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங், 12 இஞ்ச் சக்கரம், பெரிதாகத் துரு இல்லை. டிஎன் 70 நம்பரில் ஆர்சி இருக்கிறது. இதன் மேல் மூன்றடி உயரத்துக்கு ஒரு பெட்டி கட்டி, போய் நிறுத்தின இடத்தில் கூரை மட்டும் மேலே எழும்பி, நடுவில் கேன்வாஸ் வருகிற மாதிரி செய்ய ஆசை. உயரமான கேரவன் எனக்குச் சரிப்படாது, ஏனென்றால் பெங்களூரு வீட்டில் டிரெய்லர் நிறுத்த மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடம்தான், அங்கே ஐந்தடிக்கு மேல் எதுவும் நுழையாது.

நான், மனைவி, ஏழு வயது மகள். ஒகேனக்கல், கொள்ளேகால் பக்கம், முடிந்தால் ஏற்காடு. இழுப்பது பொலேரோ. வெல்டிங் நானே செய்வேன்.

சந்தேகம் இதுதான்: நாலு மூலையில் டியூபுக்குள் டியூப் விட்டு வின்ச் (கையால் சுற்றி கேபிளை இழுக்கும் உருளை) கேபிளால் தூக்குவதா, அல்லது முன்பக்கம் கீல் வைத்து கேஸ் ஸ்ட்ரட்டால் (கார் டிக்கியைத் தாங்குகிற மாதிரி வாயு அடைத்த தண்டு) தூக்குவதா? வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற சாமான் பாதி இங்கே கிடைப்பதில்லை, கிடைக்கிற பொருளில் சொல்லுங்கள்.

பீன்யா பட்டறை எழுதியது:

தம்பி, கூரை கடைசிக் கவலை. முதலில் டயரைக் குனிந்து பாருங்கள். 145/80 ஆர்12 என்றும் அதை ஒட்டி 74 என்றும் இருந்தால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும், இரண்டும் சேர்ந்து 750. அதுவும் நல்ல டயர், சரியான காற்று என்றால். அந்த 750க்குள்தான் டிரெய்லர், பெட்டி, மெத்தை, தண்ணீர், அடுப்பு, உங்கள் மனைவி எடுத்து வைக்கும் பாத்திரம் எல்லாம். காலி டிரெய்லரை எடை மேடையில் ஏற்றி எடை போட்டுவிட்டு, அதன் பிறகு பேப்பரில் வரைய உட்காருங்கள்.

ஆர்வக்கோளாறில் பலரும் பெட்டி முழுக்க 12 எம்எம் பிளைவுட் போட்டுவிடுகிறார்கள். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 23, 24 கிலோ வரும். உங்கள் அளவில் தரை, நாலு பக்கம், கூரை எல்லாம் கூட்டினால் நாலு ஷீட்டுக்கு மேல் போகிறது, ஆக நூறு கிலோ பலகையிலேயே போச்சு. 25க்கு 25, 2 எம்எம் எம்எஸ் (சாதாரண இரும்பு) டியூப் மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ, அது ஒரு 40 மீட்டர் போகும். அப்புறம் வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி உள்ளே வைப்பார்கள், அது ஒரு ஐம்பது அறுபது கிலோ. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12 வோல்ட் 100 ஏஎச் பேட்டரி பத்துப் பன்னிரண்டு கிலோதான், விலை கூட, ஆனால் மூன்று எல்ஈடி விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் போன் சார்ஜுக்கும் தாராளம். பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள், வயரின் மறுமுனையில் அல்ல.

தரைக்கு மட்டும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள (தண்ணீர் தாங்கும் ரகம்) 12 எம்எம் பிளைவுட். சுவருக்கு வெளியே 3 எம்எம் ஏசிபி (கடை போர்டுக்குப் போடுகிற அலுமினியத் தகடு), நடுவில் 25 எம்எம் எக்ஸ்பிஎஸ் ஃபோம் (வெப்பம் தடுக்கும் கெட்டி ஃபோம் பலகை), உள்ளே 4 எம்எம் பிளை போதும். கூரையும் அப்படியே, ஆனால் சட்டம் அலுமினியத்தில். மொத்தக் கூரை முப்பது கிலோவுக்குள் அடங்கும். அலுமினியம் நேராக எம்எஸ் மேல் உட்காரக் கூடாது, இடையில் ரப்பர் பட்டை வையுங்கள், இல்லாவிட்டால் மழை ஈரத்தில் அலுமினியம் பொடிப் பொடியாக அரிக்கும்.

இப்போது உங்கள் கேள்வி. டியூபுக்குள் டியூப் என்றால் 38 எம்எம்முக்குள் 32 போகும், கணக்குப்படி இடைவெளி சரி. ஆனால் டியூபுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் நீளவாக்கில் வெல்டிங் தடிப்பு ஓடும், அதில் உள் டியூப் சிக்கும். அரத்தால் தேய்க்க வேண்டும், நாலு காலுக்கும், முழு நீளத்துக்கும். சோம்பேறித்தனத்தில் உள்ளே 31ஐத் தேடிப் போனால் கூரை மேலே போய் ஆட்டம் போடும். நாலு கேபிளும் ஒரே மாதிரி நீளாது, ஒவ்வொன்றிலும் டர்ன்பக்கிள் (திருகி கேபிளை இறுக்கும் கருவி) போட்டு அவ்வப்போது சமன் செய்ய வேண்டும். தூக்கியதும் நாலு காலிலும் பின் குத்தியாக வேண்டும், வின்ச்சை நம்பிக் குழந்தையை அடியில் படுக்க வைக்கக் கூடாது.

கேஸ் ஸ்ட்ரட் சுலபம். முப்பது கிலோ கூரை, முன்பக்கக் கீல், எடையின் மையம் 1.2 மீட்டரில். 30 பெருக்கல் 9.8 பெருக்கல் 1.2, சுமார் 353 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரட் தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் செங்குத்துத் தூரம் 0.4 மீட்டர் கிடைத்தால், இரண்டு ஸ்ட்ரட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 440 நியூட்டன். ஆனால் மூடியிருக்கும்போது ஸ்ட்ரட் படுத்துக் கிடக்கும், அந்தத் தூரம் சுருங்கிவிடும், முதல் ஒரு அடியைக் கையால்தான் தூக்க வேண்டும். இதற்காகப் பெரிய ஸ்ட்ரட் வாங்கினால் திறந்த கூரையை மூட இரண்டு பேர் தொங்க வேண்டியிருக்கும்! எது போட்டாலும் ஒரு பைப்பை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஸ்ட்ரட்டில் வாயு குறைவது சொல்லிக்கொண்டு நடப்பதில்லை.

சில்க்போர்டு சிக்னல் எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆர்சி பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லையே? டிரெய்லர் சட்டப்படி தனி வாகனம். தனி நம்பர், தனி இன்சூரன்ஸ். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47: வேறு மாநிலத்து வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவு மாற்ற வேண்டும், ஓசூர் ஆர்டிஓவிலிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லைச் சான்று) வாங்க வேண்டும். பிரிவு 52: ஆர்சியில் உள்ள விவரம், தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது.

ஆகவே சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) கை வைக்காதீர்கள். வெட்டவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். பெட்டியைத் தனியாகக் கட்டி, போல்ட் போட்டு இறக்கி வைக்கக் கூடியதாகச் செய்தால் அது சுமை என்று வாதாட ஒரு வழி இருக்கிறது. வாதம்தான், ஆர்டிஓ ஒத்துக்கொள்வார் என்று நான் எழுதித் தரமாட்டேன். வெல்டிங் மெஷினைத் தொடும் முன் ஒரு நடை போய் ஆர்சியைக் காட்டி கேட்டுவிடுங்கள். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது, மகள் எவ்வளவு அடம் பிடித்தாலும்.

இன்னொன்று, மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர், மல்டி ஆக்ஸில் ஹைட்ராலிக் டிரெய்லர் எல்லாம் கூடாது. உங்களுடையது அந்த ரகம் இல்லை, ஆனால் டோலில் நிற்பவர் டிரெய்லர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் அரை மணி நேரம் போகும். பழைய மைசூர் ரோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பந்திப்பூர் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், டிரெய்லரோடு மெதுவாகப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

கேன்வாஸ் அக்கா, மல்லேஸ்வரம் எழுதியது:

தம்பிமார்கள் ஸ்ட்ரட்டுக்கு நியூட்டன் வரைக்கும் போய்விட்டீர்கள், நல்லது. எட்டுக்கு நாலில் மூன்று பேர் எங்கே படுப்பார்கள் என்று யாராவது கேட்டீர்களா? நாலடி அகலத்தில் இரண்டு பெரியவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படுக்கலாம், ஏழு வயதுப் பெண் எங்கே? அடுத்த வருஷம் அவள் இன்னும் வளர்ந்திருப்பாள். கூரையை எவ்வளவு உயரம் தூக்கினாலும் தரை அகலமாகாது.

கூரையைத் தூக்கவே வேண்டாம், கவிழ்த்துவிடுங்கள். எட்டடிப் பக்கத்தில் கீல் வையுங்கள். மூடியைத் திறந்து அப்படியே 180 டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால், மல்லாந்த மூடி மூன்று கால் மேல் நின்று இன்னொரு எட்டுக்கு நாலு தரையாகிவிடும். மொத்தம் எட்டுக்கு எட்டு. மேலே மூன்று வளைவுக் கம்பி, அதன் மேல் கேன்வாஸ். மூடியில் நீங்கள் இருவர், டிரெய்லர் பக்கம் மகளும் சாமானும். வின்ச் இல்லை, ஸ்ட்ரட் இல்லை, அந்த எடையும் இல்லை. மடித்தால் பெட்டி இரண்டடி உயரத்தோடு முடியும், உங்கள் மாடிப்படிக்குக் கீழே நுழைந்த பிறகும் மேலே இடம் மிஞ்சும்.

துணி விஷயத்தில் மலிவைப் பார்த்து முழுக்க பிவிசி தார்ப்பாய் போடாதீர்கள். மூன்று பேர் மூச்சு விட்டாலே விடியற்காலையில் உள்பக்கம் நீர் கோத்து மூக்கின் மேல் சொட்டும், ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம். சுவருக்கும் கூரைக்கும் காட்டன் கேன்வாஸ், அதற்கு மேல் அரை அடி இடைவெளி விட்டு ஒரு மழை விரிப்பு, கீழே ஒரு வலை ஜன்னல், உச்சியில் ஒன்று. லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவர்களிடம் கொடுங்கள், அந்த மெஷினும் நூலும்தான் இதற்குத் தாங்கும். தைத்து வந்ததும் வீட்டிலேயே விரித்துக் குழாய் வைத்து நனைத்துக் காய விடுங்கள், பிறகு மறுபடி ஒரு தடவை. முதல் தடவை ஊசித் துளை வழியே ஒழுகும், பயப்படாதீர்கள், நூல் உப்பித் துளையை அடைத்துவிடும். ஈரத்தோடு மடித்து வந்தால் அன்றைக்கோ மறுநாளோ வீட்டில் விரித்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் கறுப்புப் புள்ளி விழும், அந்த நாற்றம் சோப்புக்கும் போகாது.

ஞாயிறு மட்டும் எழுதியது:

இத்தனை பாடும் செலவும் எதற்கு பாஸ், பொலேரோ மேலே ஒரு ரூஃப்டாப் டென்ட் கட்டினால் முடிந்தது.

ராமமூர்த்தி நகர் பொலேரோ எழுதியது:

@ஞாயிறு மட்டும், ஏணியில் ஏறி இறங்க என் மனைவி ஒத்துக்கொள்ளமாட்டாள், அந்தப் பேச்சு ஏற்கனவே முடிந்துவிட்டது.

அக்கா, படுக்கிற கணக்கை நீங்கள் சொன்ன பிறகு சாக்பீஸால் தரையில் எட்டுக்கு நாலு வரைந்து மூன்று பேரும் படுத்துப் பார்த்தோம். கூரை தூக்கும் திட்டம் அங்கேயே முடிந்தது. கவிழ்க்கிற மூடிதான். சிக்னல் சார் சொன்னபடி ஆர்டிஓவுக்குப் போய்விட்டுத்தான் டியூப் வாங்குவேன், பெட்டி போல்ட்டில்தான். பட்டறை அண்ணா, மூடியில் இரண்டு பேர் படுத்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் சாயாதா? மூடிக்கு எத்தனை குறுக்குச் சட்டம்?

பீன்யா பட்டறை எழுதியது:

அக்கா சொன்ன வழி சரிதான். என் குறை ஒன்றே ஒன்று, கொட்டுகிற மழையில் போய் இறங்கினால் மூடியைக் கவிழ்த்துக் கம்பி மாட்டுவதற்குள் மெத்தை நனையும். மெத்தையை ரெக்ஸின் உறையில் போட்டு வையுங்கள், ஜேசி ரோட்டில் சீட் கவர் தைப்பவர்களே தைத்துக் கொடுப்பார்கள்.

சாயும், சந்தேகமே வேண்டாம். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, நாலு மூலையிலும் ஸ்க்ரூ ஜாக் இறக்கிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். கவிழ்க்கும்போது ஆளுக்கொரு முனை, கைவிட்டால் கீல் பிய்ந்துவிடும். மூடியின் கால்களுக்கு அடியில் அகலமான பலகைத் துண்டு, மண்ணில் புதையாமல் இருக்க. ஆள் படுப்பதால் முன்பு சொன்ன 4 எம்எம் பிளை இதற்கு உதவாது, உள்பக்கம் 12 எம்எம், ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். எடை ஐம்பது கிலோ பக்கம் போகும், ஸ்ட்ரட்டும் வின்ச்சும் போனதால் பரவாயில்லை.

எல்லாம் ஏற்றி முடிந்ததும் கப்ளர் (வண்டியின் பின்னால் இருக்கும் இழுவைக் குண்டான பாலில் மாட்டுகிற டிரெய்லர் முனை) நுனியின் எடையைப் பாருங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷினைக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு கட்டை நிறுத்தி, பொலேரோவின் பால் உயரத்தில் கப்ளரை உட்கார வைத்தால் தெரியும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அங்கே விழ வேண்டும், 500 கிலோ என்றால் 50. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும், காரையும் சேர்த்துத் திருப்பிவிடும். தண்ணீர் கேனையும் பேட்டரியையும் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் தள்ளினால் சரியாகும். பொலேரோ கையேட்டில் இழுவைத் திறன் பற்றி என்ன இருக்கிறது என்றும் படித்துவிடுங்கள். டிரெய்லருக்கு பிரேக் கிடையாது, இறக்கத்தில் இரண்டு எடையையும் பொலேரோ பிரேக் ஒன்றேதான் பிடிக்க வேண்டும். ஏற்காட்டுக்கு சேலம் பக்கமிருந்து 20 கொண்டை ஊசி. வளைவில் டிரெய்லர் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும், அகலமாக எடுத்துத் திரும்புங்கள், இறங்கும்போது இரண்டாவது கியர்.

நம்மூர் ஹம்ப் (வேகத்தடை) வேறு இருக்கிறது, வெள்ளைக் கோடு இல்லாமல் திடீரென்று வரும். பாதுகாப்புச் சங்கிலியைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், ஹம்பில் தரை தட்டாத அளவுக்குத் தூக்கிக் கட்டுங்கள். டிரெய்லர் சும்மா கிடந்தது என்றீர்களே, சக்கரத்தைக் கழற்றி பேரிங்கில் பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிது அடைத்துவிடுங்கள். முதல் தடவை போகும்போது டீக்கு நிறுத்துகிற இடத்தில் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் கிளம்பலாம், கை வைக்க முடியவில்லை என்றால் அங்கேயே கழற்ற வேண்டியதுதான், ஆகவே ஜாக்கியும் ஸ்பானரும் மெத்தைக்கு அடியில் போகாமல் மேலாகவே இருக்கட்டும்.