கலைச்சொல்: காரைத் துடைக்கும் நுண்ணிழைத் துணியில் 'பைல்' என்பதற்கு என்ன சொல்?

அன்பின் குழுவினர்க்கு,

கார் மெருகேற்றும் கையேட்டுக்குச் சொற்கள் சேர்த்துவருகிறோம். மைக்ரோஃபைபருக்கு 'நுண்ணிழை' ஏற்கனவே புழங்குகிறது, அது நிற்கட்டும். சிக்கல் 'பைல்'. துணியின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைக்கூட்டம் அது. இப்போதைக்கு 'தடிமன்' என்று போட்டிருக்கிறேன். ஜிஎஸ்எம்முக்கும் அதையே வைக்கலாமா?

– க.

> ஜிஎஸ்எம்முக்கும் அதையே வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், படிப்பவர் தவறான துணியை எடுத்து பெயிண்டில் கோடு இழுத்துவிடுவார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். குட்டை இழை நெருக்கமாக நிற்கும் துணியும், நீள இழை தளர்வாக நிற்கும் துணியும் ஒரே 380 ஜிஎஸ்எம் காட்டலாம். முதலாவது காய்ந்த பாலிஷை வழித்தெடுக்கும். இரண்டாவது அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், நாம் அழுத்தித் தேய்ப்போம், அங்கேதான் கீறல் விழுகிறது. ஆகவே ஜிஎஸ்எம்முக்குப் 'பரப்பெடை'. திருப்பூரில் பனியன் துணிக்கும் ஜிஎஸ்எம் என்றே சொல்வதால், முதல் முறை வரும்போது இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம்.

பைலுக்கு என் முன்மொழிவு 'துய்'. பஞ்சுபோல் மெத்தென்று சிலிர்த்து நிற்பதற்கான பழஞ்சொல். சங்கப் பாட்டின் 'துய்த்தலை மந்தி'யில் வருவது. குறுந்துய், நெடுந்துய், முறுக்குத்துய் (முறுக்கிய இழை) என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி அமைகின்றன.

வேலையோடு பொருத்திப் பாருங்கள். காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பசை), பாலிஷ் துடைக்க 300–400 பரப்பெடையில் குறுந்துய். கடைசி மெருகுக்கு 450-க்கு மேல் நெடுந்துய்: கண்ணுக்குத் தப்பிய தூசி இழைகளுக்கிடையே இறங்கிவிடும், பெயிண்டோடு உராயாது. கழுவிய காரை உலர்த்த 600-க்கு மேல் முறுக்குத்துய். தேய்க்காமல் விரித்துப் போட்டு மெல்ல இழுத்தால் போதும். கண்ணாடிக்கு நெடுந்துய் ஆகாது, திட்டுத்திட்டாக ஈரம் விட்டுப்போகும்; அதற்கு 300 ஒட்டிய தேன்கூட்டு நெசவு (கட்டங்கட்டமாகக் குழிந்த நெசவு). பெயிண்டைக் காக்கப் பூசும் செராமிக் பூச்சைத் துடைத்த குறுந்துய்த் துணியைத் திரும்ப எடுக்கவே கூடாது. பூச்சு இழைக்குள் இறுகிக் கண்ணாடிச் சில்லுபோல் ஆகிவிடும், துவைத்தாலும் போகாது.

– செ.

> பைலுக்கு என் முன்மொழிவு 'துய்'

நுகர்தல் என்ற பொருளில் வரும் 'துய்த்தல்' குறுக்கிடுமே என்று தயங்கினேன். துணியைப் பற்றிய பக்கத்தில் அந்தக் குழப்பம் வராது என்றே இப்போது படுகிறது. இழையின் நீளத்தைத் 'துய்யுயரம்' என்றால் மட்டும் வாசிக்க இடறுகிறது. 'துய் நீளம்' என்று பிரித்தெழுதுவோம். என் வாக்கு துய்க்கே.

இன்னொரு சொல் விட்டுப்போயிருக்கிறது. 9000 மீட்டர் நீள இழை 1 கிராமுக்குள் நின்றால், அதாவது 1 டெனியருக்குக் கீழிருந்தால், நுண்ணிழை. ஆனால் அழுக்கை அள்ளுவது பிளந்த நுண்ணிழை மட்டுமே. பாலியெஸ்டரையும் பாலியமைடையும் (நைலான்) 80/20 அல்லது 70/30 விகிதத்தில் ஒரே இழையாக வார்த்து, பிறகு பிளப்பார்கள். ஆப்பு வடிவக் கீற்றுகளின் இடுக்கில் நீரும் தூசியும் தங்கும். இதற்குப் 'பிளவிழை' என்று வைக்கலாம். கடையிலேயே சோதிக்கலாம்: உலர்ந்த உள்ளங்கையில் இழுத்தால் பிளவிழை தோலின் சொரசொரப்பில் பற்றும். மேசையில் கொஞ்சம் நீர் ஊற்றித் துடைத்தால், பிளக்காதது நீரை முன்னே தள்ளிக்கொண்டு போகும். மலிவுக் கட்டுகளில் அகப்படுவது பெரும்பாலும் இந்தப் பிளக்காத வகை.

ஓரத்துக்கும் சொல் வேண்டும். பாலியெஸ்டர் நூலால் ஓவர்லாக் அடித்த ஓரம் கிளியர் கோட்டில் (பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சு) மெல்லிய கோடு போடும். அப்படித் தைக்காமல் அல்ட்ராசோனிக் முறையில் (மீயொலி அதிர்வால்) வெட்டியதை 'விளிம்பற்ற' என்பது பொருந்தாது, விளிம்பு இருக்கத்தானே செய்கிறது. 'தையலிலா ஓரம்' சரி. லேபிளைக் கத்தரித்துவிடச் சொல்லும் வரியையும் அங்கேயே சேருங்கள்.

துவைக்கும் பகுதியில் 'துய் படிதல்' என்று ஒரு பதிவு போடலாம். கடுஞ்சூட்டில் உலர்த்தினால் இழைநுனி இளகி விறைக்கும். துணி மென்மையாக்கி ஊற்றினால் இழைமேல் படலம் ஏறி நீர் உறிஞ்சாது. 40 டிகிரி வெந்நீர், திரவ சோப்பு, பருத்தித் துணியோடு சேர்க்காமல் தனியாக, நிழலில் உலர்த்தல்.

'தேன்கூட்டு நெசவு' எனக்கு உடன்பாடே. ஆனாலும் உறுதி செய்யுமுன் சென்னிமலைப் பக்கத்துத் துண்டு நெசவாளர்களைக் கேட்டுவிடுங்கள். அவர்கள் வாயில் வேறு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

– ம.