நியூட்ரான் விண்மீனுக்குள் ஒளி எவ்வளவு வேகத்தில் போகும்?

கேள்வி: தண்ணீரிலேயே ஒளி மெதுவாகிறது. வெடித்த பெரிய விண்மீனின் இறுகிய மிச்சமான நியூட்ரான் விண்மீனுக்குள், கன செ.மீ.க்கு 27 கோடி டன் அடர்த்தியில் ஊர்ந்துதான் போகுமா? எலக்ட்ரான் செறிவைக் கன ஃபெர்மிக்கு (ஒரு ஃபெர்மி = 10-இன் அடுக்கு −15 மீட்டர்) 0.01 என எடுத்தால், பிளாஸ்மா அதிர்வெண்ணுக்கு (எலக்ட்ரான் கூட்டம் ஒன்றாக அதிரும் அதிர்வெண், ஆற்றல் அலகில்) 117 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. சரியா?

பதில் 1: செறிவு சரி, நிறைதான் தப்பு. எலக்ட்ரானின் ஓய்வு நிறை 0.511 போட்டிருக்கீங்க (இங்கே எல்லா எண்ணும் மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில்). அங்கே எலக்ட்ரான்களின் ஃபெர்மி ஆற்றலே (நெருக்கத்தால் அவை நிரப்பும் உச்ச ஆற்றல்) சுமார் 131. நிறைக்குப் பதில் அதைப் போட்டால் 7.3 வரும். அதற்குக் கீழே ஆற்றலுள்ள ஃபோட்டான் (ஒளித்துகள்) மெதுவாகப் போகாது, பரவவே பரவாது. 10 கோடி கெல்வினில் வெப்ப ஆற்றல் வெறும் 0.0086. 7.3 ஆற்றலுள்ள ஃபோட்டான் அங்கே இருக்கும் வாய்ப்பைக் காட்டும் போல்ட்ஸ்மன் காரணி 10-இன் அடுக்கு −360-க்கும் கீழே போய்விடும். ஒளிவிலகல் எண்ணைத் தேடுவதே வீண்.

கேள்வி: அப்போ உள்ளே இருக்கும் வெப்பம் எப்படி வெளியே வருது?

பதில் 2: இளம் வயதில் பெரும்பகுதியை நியூட்ரினோ (பொருளோடு அரிதாகவே மோதும் நுண்துகள்) அள்ளிக்கொண்டு போகும். மிச்சத்தை எலக்ட்ரான்களும் நியூட்ரான்களும் மேலோட்டை நோக்கிக் கடத்தும். நமக்குத் தெரியும் எக்ஸ் கதிர் மேற்பரப்பில் சில செ.மீ. தடிமனே உள்ள வளிமண்டலத்தில் பிறந்தது. கருவத்தில் இருந்து வந்த ஃபோட்டான் ஒன்றுகூட அதில் கிடையாது.

பதில் 3: பிறந்த சில நொடிகளுக்கு மட்டும் கணக்கு வேறு. 10,000 கோடி கெல்வினைத் தாண்டினால் ஃபோட்டான் நிறையவே இருக்கும், ஆனால் நகர முடியாமல் சிக்கிக் கிடக்கும். 1987ஏ என்ற விண்மீன் வெடிப்பில் நியூட்ரினோ முந்தி வந்ததும் ஒளி சில மணி நேரம் பிந்தியதும் வேறு காரணத்தால்: வெடிப்பின் அதிர்ச்சி அலை விண்மீனின் மேற்பரப்பை எட்ட அவ்வளவு நேரம் ஆனது.