கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர் அடித்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட முடியுமா?

கேள்வி:
தோழி ஒருத்திக்காகக் கேட்கிறேன். கோவையில் மூன்று வருடமாக ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தாள். இருவருக்கும் இதற்கு முன் கல்யாணம் ஆனதில்லை. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், வாடகையில் பாதி இவள் பணம். சில மாதங்களாக அடி. போன வாரம் பூட்டை மாற்றி வெளியே அனுப்பிவிட்டார். நகையும் சான்றிதழ்களும் உள்ளே மாட்டிக்கொண்டன. காவல் நிலையத்தில் தாலி கட்டாததால் வழக்கு நிற்காது என்கிறார்கள். இப்போது ஈரோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில் 1:
நிலையத்தில் சொன்னது பாதிதான் சரி. கணவன் கொடுமைக்கான பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 85) பொதுவாக மனைவிக்குத்தான். ஆனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வேறு. அதன் பிரிவு 2(எஃப்) 'திருமணம் போன்ற உறவு' என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

அந்த உறவு எது என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் வரையறுத்தது. அதுவும் கோவையில் தொடங்கிய வழக்குதான். இருவரும் திருமண வயதை எட்டியிருக்க வேண்டும், மணமாகாதவர்களாக, மணம் செய்யச் சட்டத் தடை இல்லாதவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பி ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும், ஊர் பார்க்கக் கணவன் மனைவி போல நடந்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் வந்து போகும் உறவு இதில் சேராது. உங்கள் தோழியின் நிலை வலுவானது.

பெரும்பாலும் சிக்குவது அந்த ஆணுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கும் வழக்குகள். அது தெரிந்தே வாழ்ந்த பெண்ணுக்கு 2013இல் இந்திரா சர்மா வழக்கில் நிவாரணம் மறுக்கப்பட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அடி வாங்கியவள் அடி வாங்கியவள்தான். ஆனால் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் அந்தத் தீர்ப்புதான் எடுபடும்.

பதில் 2:
ஈரோட்டிலேயே போடலாம். பிரிவு 27படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நடுவர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. கோவைக்கு அலைய வேண்டாம்.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவரிடம் போனால் படிவம் 1இல் சம்பவ அறிக்கை எழுதி, படிவம் 2இல் மனு தயாரிக்க உதவுவார், கட்டணம் இல்லை. வக்கீலுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகத் தருவார்கள். தொலைபேசி 15100. அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181.

மனுவோடு பிரிவு 23இன்கீழ் இடைக்கால உத்தரவும் கேளுங்கள், படிவம் 3 பிரமாணப் பத்திரத்தோடு. இதை விட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் நிறையப் பேர். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். இடைக்கால உத்தரவு இருந்தால்தான் அதுவரை பிடிமானம்.

கேட்டவர்:
நன்றி. சம்பவ அறிக்கை இல்லாமல் நேராகப் போட முடியாதா? நீதிமன்றத்துக்குப் போனால் அவரை உடனே கைது செய்வார்களா?

பதில் 2:
போடலாம். அந்த அறிக்கை கட்டாயமில்லை என்று 2022இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போடும் நாளில் அதே வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

கைது நடக்காது. நடுவர் தருவது பாதுகாப்பு, குடியிருப்பு, பணம் பற்றிய உத்தரவுகள். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் பிரிவு 31: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் உத்தரவின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அடிதடிக்குத் தனியாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கட்டும்.

பதில் 3:
வழக்கு சரிவது பெரும்பாலும் ஒரே வீட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க முடியாமல். எதிர்த்தரப்பு 'வெறும் வாடகைப் பங்காளி' என்று சொல்லும். அதற்குப் பதில் இப்போதே திரட்ட வேண்டும்: வாடகைப் பாதியை அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், அந்த முகவரிக்கு வந்த கேஸ் சிலிண்டர் ரசீது, ஆதார் அல்லது கூரியர் முகவரி, குடும்ப விசேஷங்களில் சேர்ந்து நின்ற படங்கள், வீட்டுக்காரரோ பக்கத்து வீட்டாரோ சாட்சி.

காயத்துக்கு அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகல் வாங்கட்டும். யார் அடித்தார் என்பதைச் சொல்லியே பதிய வைக்க வேண்டும். 'கீழே விழுந்தேன்' என்று எழுதிவிட்டால் அது அவளுக்கே எதிராகத் திரும்பும். வாட்ஸ்அப் மிரட்டல்களின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. போனை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63இன்படி சான்றிதழும் இணைக்க வேண்டும்.

நகை, சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுத் திருப்பித் தரும்படி பிரிவு 19இல் கேளுங்கள். 'என் பொருட்கள்' என்று மொத்தமாக எழுதினால் உத்தரவு வந்தாலும் நிறைவேற்ற முடியாது. அந்த வீட்டுக்கே திரும்ப அவளுக்குப் பயமாக இருந்தால், மாற்று வீட்டு வாடகையை அவர் கட்ட வேண்டும் என்றும் அதே பிரிவில் கேட்கலாம். அடிப்பவரோடு மறுபடி ஒரே கூரையில் இருக்க வைப்பதை விட அதுவே நல்லது.