பாலக்கல்லை இறக்கிய நாள்
நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)க் கீழே ஓடுகிற ஓடையில் மரப்பாலம் நிற்கவே நிற்காது, ஒவ்வொரு பெருமழைக்கும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு வருஷம் ஆட்கள் மேட்டில் கிடந்த பலகைக்கல்லையே கொண்டுவந்து போடுவோம் என்று இறங்கிவிட்டார்கள். எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், முக்கால் அடி கனம். இன்று கணக்குப் பார்த்தால் ஒரு டன்னுக்கு மேல் வரும்.

முதலில் உருட்டுக்கட்டைகளை அடியில் கொடுத்துத் தள்ளினார்கள். ஈரச் செம்மண்ணில் கட்டை புதைந்து, கோணலாகத் திரும்பி, கல் ஒரு பக்கமாகச் சரிந்தது. தாத்தாதான் சத்தம் போட்டார்: "உருளைய எடுங்கடா! ரெண்டு நீளக் கட்டைய ரயில் தண்டவாளம் மாதிரி போட்டு, மேல வாழமட்டைய விரிச்சு இழுங்க." அப்புறம்தான் கல் வழுக்கிக்கொண்டு வந்தது. இறக்கத்தில் இழுப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். அதனால் பின்னால் கட்டிய கயிற்றை ஒரு மரத்தில் இரண்டு சுற்று சுற்றி, நாலு பேர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்தார்கள். ஓடைமேல் கட்டையோடு நகர்த்தியதும், அலவாங்கால் (கடப்பாரையால்) ஒரு பக்கம் நெம்பி, கட்டையை உருவி, இடுக்கில் சின்னக் கற்களைச் செருகி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து இறக்கினார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது.

போன வருஷம் பிள்ளைகளோடு மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும்போது இப்பன்கட்டுவ ஈமக்காட்டைப் பார்த்தோம். சுமார் 2500 வருஷத்துக்கு முந்தைய கல்லறைகள், நாலு பக்கமும் பலகைக்கல், மேலே மூடுகல். இதை எப்படித் தூக்கியிருப்பார்கள் என்று மகன் கேட்டான். தூக்கவே வேண்டியதில்லையப்பா என்றேன். குழி தோண்டி உள்ளே பலகைகளை நிறுத்தினால் விளிம்பு தரைமட்டத்துக்கு வந்துவிடும், மூடுகல்லைத் தரையோடு இழுத்து வந்து மேலே தள்ளினால் போதும். எங்கள் பாலத்துக்குச் செய்த அதே வேலைதான்.

இங்கிலாந்தில் இருக்கிற பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் சராசரியாக 25 டன் என்கிறார்கள், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்தவை. 1 டன் கல் ஒன்றை மரச் சறுக்குவண்டியில் வைத்து, தரையில் கட்டைகளைப் பரப்பி இழுக்கப் பத்துப் பேர் போதும் என்று 2016இல் லண்டனில் ஒரு பல்கலைக்கழக மாணவர்கள் இழுத்தே காட்டினார்கள். அதைப் படித்தபோது தாத்தா நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. இந்த மாதிரிப் பழைய கல்வேலையெல்லாம் வேற்றுக்கிரகவாசிகள் செய்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது. அந்தக் கைகளுக்கு உரிய பேரை ஏன் பிடுங்க வேண்டும்?

அந்தப் பாலக்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கொழுந்துக்குப் போகிறவர்கள் அதன்மேல்தான் நடக்கிறார்கள். ஒரு மூலையில் அலவாங்கு கடித்த தழும்பு, விரல் வைத்தால் இன்னும் தட்டுப்படும்.