பெயரில்லாமல் வந்த காதல் செய்தி: அனுப்பியவரை அறிய வழி உண்டா?

மல்லிகைக்கொடி:
அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு எனக்குப் பெயர் குறிப்பிடாமல் ஒரு காதல் செய்தி வந்திருக்கிறது. படித்தபின் உறக்கம் வரவில்லை. விளையாட்டுக்காக எழுதியது போலவும் தெரியவில்லை. அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க வழி தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பெகுக்காரன்:
எந்தச் செயலியில் வந்தது, தங்கச்சி? வைபரா, மெசஞ்சரா, டெலிகிராமா? டெலிகிராமில் கைபேசி எண்ணை மறைத்துவிட்டுப் பயனர்பெயரை மட்டும் காட்ட முடியும் என்பதால் அங்கே தேடும் வழி வேறு.

மோல்மீன் அக்கா:
செய்தியில் என்ன எழுதியிருந்தது, அம்மா? முழுவதும் வேண்டாம், சொல்லக்கூடியதை மட்டும் எழுது. ஏன் வெள்ளிக்கிழமைக்குள் என்கிறாய்?

தட்டச்சர்:
உதவி கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். வைத்தியரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பவருக்கு அவர் என்ன மருந்து கொடுப்பார்? எந்த ஊர், எந்தச் செயலி, எந்த நேரம், எந்த மொழி என்ற நான்கையும் எழுதாமல் விடை எதிர்பார்ப்பது படித்தவர்களுக்கு அழகல்ல.

மல்லிகைக்கொடி:
மன்னிக்க வேண்டும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். நான் ரங்கூனில் இருக்கிறேன். பெயர் சொல்லாமல் கேள்வி கேட்கும் இணைப்பு ஒன்றை என் பேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்தேன். அதன் வழியாக இரவு 11.40க்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் கோயில் மண்டபத்தில் நாங்கள் சிலர் தேவாரம் பாடுகிறோம். செய்தி இதுதான்: “நீங்கள் பாடும்போது இடது கை சுருதிப் பெட்டியின் துருத்தியை அழுத்திக்கொண்டிருக்கும். வலது கைச் சுண்டுவிரல் மட்டும் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி முழங்காலில் விழும். அந்த விரலுக்காகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காத்திருக்கிறேன்.” என் விரல் பிந்துவது எனக்கே தெரியாது. இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன், உண்மைதான். கீழே பர்மிய எழுத்தில் ஒரு வரியும் இருக்கிறது. எழுத்துகள் இடம்மாறிக் கிடப்பதால் படிக்க முடியவில்லை. அதனால்தான் அதைச் சொல்லவில்லை.

பெகுக்காரன்:
அப்படியானால் எளிது. இத்தகைய செயலிகள் பணம் கட்டினால் அனுப்பியவரைப் பற்றிக் குறிப்பு தருகின்றன. இல்லையென்றால், திறப்பவரின் இணைய முகவரியை (ஐபி எண்ணை) பதிவு செய்யும் இணைப்பு ஒன்றை உங்கள் பக்கத்தில் போடுங்கள். எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

மோல்மீன் அக்கா:
பணம் கட்டாதே, அம்மா. இதேபோல் பெயரில்லாச் செய்திகளை வாங்கித் தரும் என்ஜிஎல் என்ற செயலியின் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் வழக்குத் தொடுத்ததை நினைத்துப் பார். கணினியே எழுதிய செய்திகளை மனிதர்கள் அனுப்பியதுபோல் காட்டியது, அனுப்பியவர் யார் என்று தெரியும் என ஆசை காட்டிப் பணம் வாங்கியது என்பவை அதில் இருந்த குற்றச்சாட்டுகள். 2024 ஜூலையில் அந்த நிறுவனம் 50 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. உனக்கு வந்தது கணினி எழுதியதல்ல என்பதற்கு அந்தச் சுண்டுவிரலே சாட்சி. இணைய முகவரி யோசனையும் நம் நாட்டில் பயன்படாது. 2021 பிப்ரவரியில் மியன்மார் இராணுவம் பேஸ்புக்கைத் தடுத்த நாளிலிருந்து நாம் விபிஎன் வழியாக, அதாவது வேறு நாட்டுக் கணினி ஒன்றின் வழியாகச் சுற்றிப் போய்த்தான் அதைத் திறக்கிறோம். பக்கத்துத் தெருவில் இருப்பவரும் அயல்நாட்டில் இருப்பவராகத்தான் தெரிவார்.

கிள்ளான் வேலு:
மண்டபத்துக்கு வருபவராகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டீர்கள். ‘வருகிறேன்’ என்று அவர் எழுதவில்லை, ‘காத்திருக்கிறேன்’ என்றுதான் எழுதியிருக்கிறார். உங்கள் பாட்டு நேரலையில் வருகிறதா? நான் மலேசியாவில் வேலை செய்கிறேன். என்னுடன் தங்கியிருக்கும் ரங்கூன் பிள்ளைகள் ஊர்க் கோயில் நேரலையை விடாமல் பார்ப்பார்கள். ரங்கூனில் இரவு 11.40 என்றால் இங்கே 1.10 மணி. இரவுப் பணி செய்பவர்கள் எழுதும் நேரம் அது.

மல்லிகைக்கொடி:
ஆம், நேரலை உண்டு. கேமரா என் வலப்பக்கம் இருக்கும்.

தட்டச்சர்:
நீங்கள் முக்கியமில்லை என்று விட்ட வரியில்தான் செய்தி இருக்கிறது. அது ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடில் தமிழின் ஒற்றைக் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் பதிவாகிறது. கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முன்னால் பதிவாயிற்று. பர்மியத்திலும் அதேபோன்ற கொம்பு உண்டு. ஜோஜி அதைத் திஸ்கியைப் போல முன்னால் வைக்கிறது. ஆகவே யூனிகோடு கைபேசியில் அது அடுத்த எழுத்தோடு சேராமல் தனியே நிற்கிறது. மியன்மார் அரசு 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறியது. பேஸ்புக் அந்த ஆண்டிலேயே ஜோஜியைத் தானாக யூனிகோடாக மாற்றிக் காட்டத் தொடங்கியது. உங்கள் செயலி மாற்றவில்லை, அவ்வளவுதான். வரியை நகலெடுத்து, ஜோஜியை யூனிகோடாக்கும் ராபிட் மாற்றியில் ஒட்டினால் படிக்கலாம். எழுதியவர் பழைய கைபேசியை இன்னும் மாற்றாதவர் என்பது என் முடிவு.

பெகுக்காரன்:
ஐயா, என் மாமனார் புதிய கைபேசி வாங்கிய பிறகும் ஜோஜி விசைப்பலகையைத்தான் ஏற்றி வைத்திருக்கிறார். விசைப்பலகையை வைத்துக் கைபேசியின் வயதைச் சொல்ல முடியாது. சந்தேகப்படும் ஆளின் எண் இருந்தால் எனக்குத் தனியே அனுப்புங்கள், தங்கச்சி. சிம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லக்கூடிய நண்பர் ஒருவர் இருக்கிறார்.

மோல்மீன் அக்கா:
அதை மட்டும் செய்யாதே, அம்மா. தம்பி, அடையாள அட்டை கொடுத்துப் பதிந்த பெயரை ஒருவர் இன்னொருவருக்காக எடுத்துக் கொடுப்பதை உதவி என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை மிரட்டவில்லை, படம் கேட்கவில்லை, ஒரு கெட்ட சொல்கூட எழுதவில்லை. இந்தக் காலத்தில் ஒரு பெயர் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியுமா?

பெகுக்காரன்:
அக்கா, தனியாகப் போய்வரும் பெண்ணின் விரலைக்கூட ஒருவர் வாரந்தோறும் கவனிக்கிறார் என்றால் பயப்பட வேண்டியது யார்? மறைந்திருப்பவருக்கு நீங்கள் காட்டும் இரக்கத்தில் பாதியையாவது இந்தத் தங்கச்சிக்குக் காட்டுங்கள். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மோல்மீன் அக்கா:
உங்கள் பயம் நியாயமானது, தம்பி, அதை நான் மறுக்கவில்லை. அவள் சில வாரம் துணையோடு போய் வரட்டும், வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லட்டும். சிம் பதிவைத் தோண்டுவதுதான் கூடாது என்கிறேன்.

கிள்ளான் வேலு:
அந்த வரியை மாற்றிப் பார்த்தீர்களா, தங்கச்சி? இரண்டு நாளாகிவிட்டதே.

மல்லிகைக்கொடி:
பார்த்தேன், அண்ணா. தட்டச்சர் ஐயா சொன்னபடியே படிக்க முடிந்தது. “ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது, அதுவரை என் பெயரைத் தேட வேண்டாம்” என்று எழுதியிருக்கிறார். என் தாயாரிடம் காட்டிவிட்டேன். யாருடைய எண்ணையும் நான் யாருக்கும் அனுப்பவில்லை. நாளை வெள்ளிக்கிழமை, கேமராவை இடப்பக்கம் மாற்றலாமா என்று மண்டபத்தில் கேட்டார்கள், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.