'சயன்' என்றால் வாரிசா, ஒட்டுக்குச்சியா?

பிழைதிருத்தி:
இங்கிலாந்துப் பிரபு குடும்பம் ஒன்றின் வரலாற்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். ஆங்கில மூலத்தில் 'அந்தக் குடும்பத்தின் கடைசி சயன் (scion)' என்று ஒரு வரி. (எழுத்துக்கூட்டலைப் பார்த்து இரண்டு நாள் 'ஸ்கியான்' என்றே படித்துக்கொண்டிருந்தேன்.) 'வாரிசு' என்று போட்டுவிட்டு அகராதியைப் புரட்டினால், 'ஒட்டுக்கட்ட வெட்டும் குச்சி' என்றும் இருக்கிறது. குச்சி எப்படிப் பிள்ளையாச்சு?

மாந்தோப்பு:
எங்கள் பிழைப்பே அந்தக் குச்சிதான். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒட்டுமாங்கன்று போடுகிறோம். தாய்மரத்தில் பென்சில் கனத்தில் ஒரு குச்சியைப் பார்த்து வைத்து, ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே இலையைக் கிள்ளிவிடுவோம். நுனிமொட்டு புடைத்ததும் வெட்டி வந்து, அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவ வேண்டும். கொட்டை போட்டு முளைத்த கன்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, அதில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். கட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடணும். விட்டால் அது மேலே உள்ளதை அமுக்கிவிடும்.

காய் குச்சியின் ரகம், வேர் யாருடையதோ. அதனால் சொந்த வேரில் நிற்கிற பிரபு வீட்டுப் பையனை 'சயன்' என்றால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சுவீகாரப் பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர் பொருத்தம்!

சொல்லாராய்ச்சி:
மாந்தோப்பு சொன்னதுதான் மூத்த பொருள். பழைய பிரெஞ்சில் தளிர், கொப்பு என்று இருந்த சொல் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. குடும்பத்தை மரமாகப் பார்க்கும் வழக்கத்தால் பிற்பாடு பிள்ளைக்கும் ஆனது. 'இம்ப்' (imp) என்ற ஆங்கிலச் சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. அதுவும் முதலில் இளந்தளிர், அப்புறம் பிள்ளை, அப்புறம் சாத்தானின் பிள்ளை. இன்றைக்கு வெறும் குட்டிச்சாத்தான்.

நம்மிடமும் இதே பார்வை உண்டு. மகனுக்குக் 'கான்முளை' என்று ஒரு பழஞ்சொல். குலக்கொழுந்து என்று இன்றும் கொஞ்சுகிறோம். 'வாரிசு' அரபியிலிருந்து வந்தது, அதில் சொத்து வாசனை தூக்கல். சயனுக்குச் சல்லிக்காசு சேராவிட்டாலும் அவன் சயன்தான். 'குலக்கொழுந்து' போடுங்கள்.

பிழைதிருத்தி:
நன்றி ஐயா. ஆனால் புத்தகத்தில் அந்த மனிதருக்கு 71 வயது, கையில் தடி. கொழுந்து என்றால் தாங்குமா?

மாந்தோப்பு:
தாங்காது. அதோடு, 'கடைசிக் கொழுந்து' என்றால் எங்களுக்கு இந்தப் பருவத்தில் கடைசியாக விட்டது என்றுதான் அர்த்தம். அடுத்த பருவத்துக்கு மறுபடி விடும்.

பிழைதிருத்தி:
சரி, 'கடைசி வழித்தோன்றல்' என்று மாற்றிவிட்டேன். அவருக்குப் பிள்ளை கிடையாது.