பிராடிஃப்ரீனியா: ‘சிந்தனைச் சுணக்கம்’ பொருந்துமா?

வணக்கம்.

பிராடிஃப்ரீனியா, அதாவது நோயால் சிந்தனையின் வேகம் குறைவது, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இங்கே பலரும் சொன்ன சொற்களைப் படித்தேன். அவற்றில் ‘மந்தமதி’ வேண்டவே வேண்டாம் ஐயா. வகுப்பில் பிள்ளைகளைத் திட்டப் பயன்பட்ட சொல் அது, ஹண்டிங்டன் நோய் (மூளை மெல்லத் தேயும் பரம்பரை நோய்) உள்ள ஒருவரின் மகளிடம் “உங்கள் அப்பாவுக்கு மந்தமதி” என்று எப்படிச் சொல்வது? ‘மதிக்குறைவு’ம் அப்படித்தான், வசவு என்பது ஒருபக்கம் இருக்க, பொருளே தவறு.

எங்கள் பெரியப்பாவுக்கு இந்த நோய் இருந்தது. “காப்பியா டீயா” என்று கேட்டால் முகத்தில் ஒன்றும் தெரியாது, பதில் வராது என்று நினைத்துப் பெரியம்மா அடுப்படிக்குப் போன பிறகு “காப்பி, சர்க்கரை கம்மியா” என்பார். பதில் சரியாகத்தான் வரும், நேரம் கழித்து வரும். இது எங்களுக்குப் புரிவதற்குள் அவருக்குப் பதிலாக நாங்களே பேசிப் பழகிவிட்டோம், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. நோய் முற்றும்போது மற்ற திறன்களும் குறையும், உண்மைதான், ஆனால் அதற்கு வேறு சொல் இருக்கிறது. நாம் தேடுவது வேகத்தை மட்டும் சொல்லும் சொல்.

மூலச்சொல்லிலும் அவ்வளவுதான் இருக்கிறது: கிரேக்கத்தில் ‘பிராடிஸ்’ மெதுவான, ‘ஃப்ரென்’ மனம். 1922-இல் நாவில் என்ற மருத்துவர் மூளையழற்சிக்குப் பின் இப்படி ஆனவர்களைப் பற்றி எழுதும்போது இதைப் பயன்படுத்தினார். ஹண்டிங்டனில் மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட், புட்டாமென் பகுதிகள் தேய்கின்றன. குறியீட்டுக்கு உரிய எண்ணைப் பொருத்தும் 90 விநாடித் தேர்வில், கைகால் ஆட்டம் தொடங்கச் சில ஆண்டுகள் இருக்கும்போதே வேகம் குறைவது தெரிந்துவிடும்.

‘சிந்தனைத் தாமதம்’ என்று அக்கா சொன்னது பரவாயில்லை, ஆனால் குழந்தைகளின் ‘வளர்ச்சித் தாமதம்’ ஏற்கனவே வழக்கில் இருப்பதால் குழப்பம் வரும். ‘மென்சிந்தனை’ என்றால் ஏதோ மென்மையான எண்ணம் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

என் பரிந்துரை ‘சிந்தனைச் சுணக்கம்’. “பணிகளில் சுணக்கம்” என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம், யாழ்ப்பாணத்தில் “சுணங்காமல் வா” என்பார்கள். இதில் சோம்பல் வாடை அடிக்கிறது என்று ஒருவர் சொன்னார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைச் “சுணங்கிப் படுத்திருக்கிறது” என்று சொல்லும்போது யாரும் அதைச் சோம்பேறி என்று நினைப்பதில்லையே. அப்புறம், வினையாகவும் வரும்: “சிந்தனை சுணங்குகிறது”.

இன்னொரு வசதி, பிராடிகைனீசியாவை, அதாவது உடல் அசைவுகள் மெதுவாவதை, ‘அசைவுச் சுணக்கம்’ என்று இதோடு சேர்த்துவிடலாம். ஹண்டிங்டனில் இரண்டும் வரும், எழுதிக் காட்டும் தேர்வில் சுணங்கியது கையா சிந்தனையா என்று பிரிப்பது கடினம், அதனால்தான் அதே தேர்வை வாயால் சொல்லவைத்தும் நடத்துகிறார்கள். ஒரே குடும்பச் சொற்களாக இருந்தால் இந்த வேறுபாட்டை வீட்டாருக்கு விளக்குவது எளிது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “இவருக்குச் சிந்தனைச் சுணக்கம் இருக்கிறது, கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.” எனக்கு இது உறுத்தவில்லை. இலங்கை நண்பர்கள் காதில் எப்படி விழுகிறது என்று சொல்லுங்கள்.